எண்ணிக்கைக்கு நின்றவர்

போன சனிக்கிழமை அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு கருநீலக் கம்பளி ஸ்வெட்டர் கையில் அகப்பட்டது. இங்கே மெல்பர்னில், ஸ்பிரிங்வேலில் ஒரு வியட்நாம்காரர் கடையில் வாங்கியது. இடது தோளில் மிளகு அளவில் இரண்டு ஓட்டைகள். பூச்சி அரித்துவிட்டது என்று மனைவி அதைப் பழைய துணி மூட்டையில் போட்டுவிட்டாள். நான் திரும்ப எடுத்தேன். பூச்சி அரித்ததில்லை அது, நிலக்கரிப் பொறி பட்டது. மூக்கருகே கொண்டுபோனால் அந்துருண்டை வாசம்தான் அடித்தது. ஆனாலும் எனக்கு ரயில் புகையின் வாசம் வந்தது. இத்தனை வருடம் கழித்துமா என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், இத்தனை வருடம் கழித்தும்தான்.

ஸ்வெட்டர் அப்பாவுடையது. 1991-இல் அவரும் அம்மாவும் மலேசியாவின் பேராக்கிலிருந்து எங்களைப் பார்க்க வந்தார்கள். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். மெல்பர்னில் ஜூலை மாதம் குளிரும் என்று நான் எழுதியிருந்தேன். குளிர் என்றால் எங்கள் ஊர்க் கேமரன் மலை அளவுக்கு இருக்கும் என்று நினைத்து அப்பா அரைக்கைச் சட்டையோடு வந்து இறங்கினார். நேரே ஸ்பிரிங்வேலுக்குக் கூட்டிப்போய் அந்த ஸ்வெட்டரை வாங்கினேன். அளவு பெரியது. உள்ளே இன்னொரு அப்பா குடியிருக்கலாம் என்று அம்மா கிண்டல் செய்தார்.

நான் இங்கே வந்தது 1980-இல், மாணவனாக. படித்ததைவிடத் தட்டுக் கழுவியது அதிகம். எப்படியோ பட்டம் வாங்கி, வேலை தேடிக்கொண்டு, யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தியைக் கல்யாணமும் செய்துகொண்டு ரோவிலில் வீடு வாங்கிவிட்டேன். எங்கள் வீட்டில் அவளுக்குக் குசினி, எனக்கு அடுப்படி, மகள் நிலாவுக்குக் கிச்சன். மூன்றும் ஒரே அறைதான். சாப்பிட்டீர்களா என்று கேட்க எங்கள் மலேசியா பக்கம் "பசியாறியாச்சா" என்போம். அப்பா முதல் நாள் காலையில் மருமகளிடம் அப்படிக் கேட்க, அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமாவுக்கு என்னில ஏதும் கோவமே?" என்றாள். அவளுக்கு அந்தச் சொல் புதிது, அப்பாவின் குரலும் அப்படி. கொஞ்சமாகத்தான் பேசுவார், பேசுவது அதட்டல் மாதிரி இருக்கும்.

மெல்பர்ன் தமிழர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் முதல் வாரம் கோயில், இரண்டாம் வாரம் பென்குயின், மூன்றாம் வாரம் மலை ரயில். பெற்றவர்களுக்கு அதிலெல்லாம் ஆசை உண்டா என்று யாரும் கேட்பதில்லை. மூட்டுவலிக்காரர்களைக் கடற்கரைக் காற்றில் உட்காரவைத்து, "அதோ பாருங்க பென்குயின்" என்று காட்டிப் புகைப்படம் எடுத்து ஊருக்கு அனுப்பினால்தான் பிள்ளை கடமையைச் செய்ததாக அர்த்தம். நானும் கடமை தவறாதவன். கோயில் ஆயிற்று, பென்குயின் ஆயிற்று. மிச்சம் ரயில்தான்.

இங்கே அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். பயந்தவர் என்று அவரை யாரும் சொல்லமாட்டார்கள். பாம்பைக் கையால் பிடித்து எறிவார், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் முகத்துக்கு நேரே நியாயம் கேட்பார். ஆனால் விடியற்காலையில் பெரட்டு என்று ஒன்று உண்டு. தோட்டத்து ஆட்களையெல்லாம் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் மட்டும் அவர் முகம் சாம்பல் பூத்துவிடும். வரிசையின் கடைசியில் போய் நிற்பார். பங்கீட்டுக் கடை, ஆஸ்பத்திரி, ஓட்டுச்சாவடி என்று வரிசை இருக்கும் எந்த இடத்துக்கும் முடிந்தவரை அம்மாவைத்தான் அனுப்புவார். வீட்டில் விசில் அடிக்கக் கூடாது. ஒரு தடவை நான் அடித்தபோது விழுந்த அறையில் காது இரண்டு நாள் இரைந்தது. ஏன் என்று கேட்டால் அம்மா, "அப்பா சயாமுக்குப் போய் வந்தவங்கப்பா" என்பார். பழனிக்குப் போய் வந்தவர் என்று சொல்வதைப் போலச் சொல்வார். சப்பான்காரன் காலத்தில் ரயில் பாதை போடத் தோட்டத்து ஆட்களைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள். பேசாமல் இருந்ததாலேயே எங்களுக்கு அந்தச் சொல்மேல் ஒரு பயம் உண்டு. சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைகளிடம், "சயாமுக்கு அனுப்பிடுவேன்" என்றால் போதும், தட்டு காலியாகிவிடும்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அவரை ரயிலுக்குக் கூட்டிப்போனேன். ஒரு கணம்கூட இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. மலை ரயில் என்பது ஐஸ்கிரீம், புகைப்படம், குழந்தைகளின் கூச்சல். சயாம் என்பது வேறு ஏதோ. என் மண்டைக்குள் அவை வேறுவேறு அறைகளில் இருந்தன.

மலை ரயில் கிளம்பும் பெல்கிரேவ் நிலையத்தில் அன்று நல்ல கூட்டம். அந்த வருடங்களில் மெல்பர்னில் எங்கே போனாலும் ஜப்பானியச் சுற்றுலாக் குழுக்கள் இருக்கும். அன்றும் ஒரு குழு. பெரும்பாலும் வயதானவர்கள். வழிகாட்டி ஒரு சின்னப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். கையில் மஞ்சள் கொடி, கழுத்தில் விசில். ரயில் ஏறுவதற்கு முன் அவள் விசிலை ஊதினாள். குழு வரிசையாக நின்றது. அவள் விரலை நீட்டி நீட்டி உரக்க எண்ணிக்கொண்டே வந்தாள். "இச்சி, நி, சான்..." பதினெட்டாவதாகக் கடைசி ஆளிடம் வந்து "ஜூ ஹாச்சி" என்று நிறுத்தினாள்.

"ஜூ கூ!" என்று ஒரு குரல் அலறியது.

திரும்பிப் பார்த்தேன். வரிசையின் கடைசியில், பத்தொன்பதாவது ஆளாக, அந்தப் பெரிய ஸ்வெட்டரில், இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டவைத்து, மோவாயை உயர்த்தி அப்பா நின்றுகொண்டிருந்தார்.

ஜப்பானியர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் குனிந்து வணங்கி, தன் மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். வேடிக்கைக்காரத் தாத்தா என்று நினைத்திருப்பாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு விளையாடக்கூடத் தெரியுமா என்று சந்தோஷமாக இருந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து வரிசையிலிருந்து இழுத்தார். அந்தக் கை வரவில்லை. மரக்கட்டை மாதிரி தொடையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, வாங்க. நம்ம பேத்தி கூப்புடுறா பாருங்க."

பேத்தி என்ற சொல்தான் அவரை நகர்த்தியது என்று நினைக்கிறேன். வந்து ரயிலில் உட்கார்ந்தார். அப்போதே வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். பயணச்சீட்டு எடுத்தாயிற்றே என்ற நினைப்பில் நானும் ஏறிவிட்டேன்.

அந்த ரயிலின் பெட்டிகளுக்குப் பக்கச் சுவர் பாதிதான். குழந்தைகள் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கால்களை வெளியே தொங்கப்போட்டு வருவார்கள். நிலாவுக்கு அப்போது ஐந்து வயது. அவளும் ஏறிக்கொண்டாள், மனைவி இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது. கரிப்புகை உள்ளே வந்தது. கொஞ்ச தூரத்திலேயே ஒரு வளைவும், வளைவில் ஒரு மரப்பாலமும் உண்டு. முழுக்க மரத்தூண்கள், குறுக்கே மரச்சட்டங்கள். எல்லோரும் கேமராவை எடுக்கும் இடம் அதுதான். நிலா, "தாத்தா, லுக்! பிரிட்ஜ்!" என்று கத்தினாள்.

அப்பா பார்த்தார். பார்த்த அடுத்த நொடி எழுந்து பாய்ந்து, குழந்தையைக் கக்கத்தில் பிடித்து உள்ளே இழுத்து, தரையில் தன் உடம்புக்குக் கீழே அமுக்கிக்கொண்டார். குழந்தை வீறிட்டது.

"பச்ச மரம்! தாங்காது! பச்ச மரத்தத்தான் வெட்டிப் போட்டோம், தாங்காது!"

நானும் மனைவியும் சேர்ந்து இழுத்தும் அவரை அசைக்க முடியவில்லை. அறுபத்தைந்து வயது மனிதருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? பாலத்தைத் தாண்டியதும் தானாகவே கையை எடுத்தார். முகத்தில் வியர்வை வடிந்துகொண்டிருந்தது. நாங்கள் யாரும் அவருக்குத் தெரிந்தவர்களாகத் தோன்றவில்லை. என்னைப் பார்த்தார், ஆனால் மகனைப் பார்க்கும் பார்வையாக அது இல்லை. எனக்கு அப்போதுதான் பயம் தொடங்கியது.

மென்சிஸ் கிரீக் என்ற நிலையத்தில் எதிரே வரும் வண்டிக்காக ரயில் நிற்கும். எல்லோரும் இறங்கிக் கைகாலை நீட்டிக்கொள்வார்கள். அம்மா அப்பாவின் கையைப் பிடித்தபடியே இறங்கினார். மனைவி அழுகிற குழந்தைக்கு முகம் கழுவப் போனாள். நான் தேநீர் வாங்கப் போனேன். அந்தப் பெண் திரும்பவும் விசில் ஊதினாள். திரும்பவும் எண்ணத் தொடங்கினாள். நான் இரண்டு கையிலும் தேநீரோடு திரும்பியபோது அம்மா தனியாக நின்றுகொண்டிருந்தார்.

"கைய உதறிட்டு ஓடிட்டாருப்பா. காட்டுக்குள்ள."

நிலையத்துக்குப் பின்னால் அப்படியே காடு. வானம் தெரியாத அளவுக்கு உயர்ந்த மரங்கள், கீழே ஆள் உயரத்துக்குப் பெரணிகள், எல்லாவற்றுக்கும் மேலே குளிர்காலத்து மூடுபனி. மனைவி ஓடிவந்தாள். "மாமாவைக் காணேல்லையே? எங்க போட்டார்? ஐயோ, இந்தக் குளிருக்குள்ள!" என்றாள். வெள்ளைத் தாடி வைத்த நிலைய அதிகாரி முன்னும் பின்னும் உள்ள நிலையங்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, எதிரே வரும் வண்டியை நிறுத்தத் தன்னால் முடியாது, அது அடுத்த நிலையத்தை விட்டுக் கிளம்பிவிட்டது என்றார்.

வழிகாட்டிப் பெண் என்னிடம் வந்தாள். தான் ஏதாவது தவறு செய்துவிட்டோமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை என்றேன். உங்கள் அப்பா எந்த நாடு என்றாள். மலாயா என்றேன். ஏன் மலேசியா என்று சொல்லவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. அவள் முகம் மாறியது. கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டாள். அதன்பிறகு அவள் தன் ஆட்களை எண்ணவில்லை. கையசைத்து அழைத்துக்கொண்டு போய் ஏற்றினாள்.

குழந்தையை மனைவியோடு விட்டுவிட்டு நானும் அம்மாவும் தண்டவாளத்தை ஒட்டித் தேடிக்கொண்டு போனோம். நான் "அப்பா, அப்பா" என்று கத்தினேன். பனிக்குள் குரல் எங்கே போயிற்றோ. என் பயத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஊரில் உறவுக்காரர்களுக்கு எப்படிச் செய்தி சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். ரயில் பாட்டுக்கு என் அப்பாவைக் கொன்றுவிடும், நான் டிக்கெட் வாங்கிக் கூட்டிவந்து கொன்றேன் என்று ஆகிவிடும். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

பாதை ஒரு மேட்டைக் குடைந்து போகும் இடம். இரண்டு பக்கமும் மண்சுவர், நடுவே ஒரு ரயிலுக்கு மட்டும் இடம். அந்தச் சுவரோரம், பெரணி இலைகளுக்குக் கீழே, தண்டவாளத்துக்கு ஒரு கை தூரத்தில் அவர் குந்தியிருந்தார். முகமெல்லாம் சேறு. தானே பூசிக்கொண்டது. ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தார், மூச்சு வெளியே கேட்கக் கூடாது என்று. நான் "அப்பா!" என்று ஓரடி வைத்தேன். அவர் சட்டென்று எழுந்து தண்டவாளத்துக்கு நடுவே போய் நின்றார். இன்னும் ஓரடி வைத்தால் ஓடத் தயாராக இருந்தார். அந்தக் குடைவுக்குள் எந்தப் பக்கம் ஓடினாலும் பாதையில்தான் ஓடவேண்டும். தூரத்தில் ரயில் ஊதியது.

அம்மா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். "நீ கூப்புடாத."

பிறகு, காலையில் வாசலில் நின்று பேசுவதைப் போல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

"ஏங்க. இன்னிக்கி எண்ணலங்க."

அப்பா பார்த்தார்.

"யாரும் எண்ண வரல. விடிஞ்சு இவ்ளோ நேரமாச்சு, ஒருத்தனும் வரல."

"சப்பான்காரன்?"

"போய்ட்டான். எண்ணாமலே போய்ட்டான். நீங்க வாங்க."

ரயில் மறுபடி ஊதியது, இப்போது பக்கத்தில். தண்டவாளம் அதிர்வது என் செருப்புக்குக் கீழே தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதைத்தான் செய்தேன், வேறு ஒன்றும் செய்யவில்லை. திறந்தபோது அப்பா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறி நின்றிருந்தார். நானும் பாய்ந்து ஏறியதும் வண்டி எங்களுக்குக் கீழே போயிற்று. குழந்தைகள் காலை ஆட்டிக்கொண்டு எங்களுக்கு டாட்டா காட்டினார்கள். அப்பா, மரியாதைக்குப் பதில் காட்டவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, சேற்றுக் கையைத் தூக்கிக் காட்டினார்.

நிலையத்தில் ஒரு கம்பளி கொடுத்தார்கள். அப்பா அதைப் போர்த்திக்கொண்டு தூங்கிப்போனார். அப்போது அம்மா மெல்லச் சொன்னார். முகாமில் தினமும் விடியலில் எண்ணுவார்கள். வரிசையில் எண்ணைத் தப்பாகச் சொன்னாலும் அடி, மெதுவாகச் சொன்னாலும் அடி. ஒருநாள் விடிந்து வரிசையில் நின்றார்கள், எண்ண ஆள் வரவில்லை. உட்கார யாருக்கும் தைரியம் இல்லை. வெயில் ஏறும்வரை அப்படியே நின்றார்கள். கடைசியில் காய்ச்சல்காரர் ஒருவர் மயங்கி உட்கார்ந்தார். அவரை யாரும் வந்து அடிக்கவில்லை. சண்டை முடிந்தது அப்படித்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

அந்த யுத்தத்தின் திருப்புமுனைகள் எனக்கு மனப்பாடம். ஐந்தாம் படிவச் சரித்திரப் பரீட்சைக்காகத் தோட்டத்து வீட்டில் உரக்கப் படித்தவன் நான். சிங்கப்பூர் விழுந்தது, மிட்வே, எல் அலமெய்ன், ஸ்டாலின்கிராட், நார்மண்டி, அணுகுண்டு. நல்ல மதிப்பெண் வாங்கினேன். நான் படித்த அத்தனை நாளும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பால்வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். இதெல்லாம் எப்போது நடந்தது என்றுகூட ஒருநாளும் கேட்டதில்லை.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் மாலை, அப்பா அடுப்படியில் தனியாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மலையில் நடந்ததைப் பற்றி நாங்கள் யாரும் பேசவில்லை. அவராகவே ஆரம்பித்தார்.

"நானும் எங்கண்ணனும்தான் போனோம்."

எனக்கு ஒரு பெரியப்பா இருந்தார் என்பதே அப்போதுதான் தெரியும்.

"ஆத்துத் தண்ணிய குடிச்சிட்டான். கொதிக்க வைக்க வெறகு இல்ல, மழ. வாந்திபேதி. காலையில நான் வரிசைக்குப் போறப்ப படுத்திருந்தான். சாயங்காலம் வந்து பாக்குறேன், எடம் காலி."

எங்கே புதைத்தார்கள் என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாருக்குத் தெரியும். நிக்கிறவனத்தான் எண்ணுவான் தம்பி. படுத்திருக்கிறவன யாரு எண்ணுனா?"

தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அப்பா போய்ப் பல வருடமாகிறது. அம்மாவும் போய்விட்டார். பெரட்டு நடந்த இடத்தில் இப்போது வீடமைப்புத் திட்டம், வாசலில் காவல்காரர். சயாமுக்குப் போய் வந்தவர்கள் என்று தோட்டத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், மாலையில் கடைக்கு முன்னால் ஒருவரோடொருவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரும் மிச்சமில்லை. அவர்களோடு அந்தப் பயமும் போய்விட்டது. என் தம்பி பிள்ளைகளிடம் சயாமுக்கு அனுப்பிவிடுவேன் என்று சொன்னால், எப்போது போகலாம் என்று கேட்கிறார்கள். சந்தோஷப்பட வேண்டியதுதான், நானும் படுகிறேன். ஆனால் அந்தப் பயம் ஒன்றுதான் பெரியப்பாவைப் பற்றி எங்களிடம் இருந்தது. புகைப்படம் கிடையாது, திதி கிடையாது.

இந்த வருடத் தொடக்கத்தில் நிலா நண்பர்களோடு தாய்லாந்து போயிருந்தாள், அந்தப் பழைய சயாம்தான். அப்பா பாதை போட்ட அந்த ரயிலில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிறார்களாம், ஏறியிருக்கிறாள். பக்கத்திலிருக்கும், அந்தப் பாதையில் செத்த போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்துக்கும் போயிருக்கிறாள். அங்கிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள். எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள் அன்று தமிழில் பேசினாள்.

"அப்பா, இங்க ஆஸ்திரேலியாக்காரங்க பேர் இருக்கு, இங்கிலீஷ்காரங்க இருக்காங்க, டச்சுக்காரங்க இருக்காங்க. புல்லெல்லாம் அழகா வெட்டி வச்சிருக்காங்க. நான் எல்லா வரிசையும் பாத்துட்டேன்பா. தமிழ்ப் பேர் ஒண்ணுகூட இல்ல. தாத்தாவோட அண்ணா எங்க?"

அவளுக்குப் பின்னால் ரயில் ஒன்று ஊதுவது தொலைபேசியில் கேட்டது.

"அங்க ஆத்துத் தண்ணிய மட்டும் குடிச்சிடாத" என்றேன்.

"ஆத்துத் தண்ணியா? யாருப்பா இப்ப அதெல்லாம் குடிப்பா?" என்று அவள் சிரித்தாள்.